நீலம் கலையாத வரிசை

தட்டில் நீலம் கரைந்துகொண்டிருந்தது.

அவள் தட்டை மெல்ல ஆட்டினாள். ஆட்டுவதற்கென்றே லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. இருந்தும் கையால்தான் ஆட்டினாள். இன்றைக்கு எந்த மெஷினையும் நம்புவதாக இல்லை.

தட்டுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு, ஜெலட்டின் கலந்த ஒரு ஜெல். முழுக்க நீலச் சாயம் ஏறியிருந்தது. கழுவக் கழுவ, நொதி இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அங்கிருந்த ஜெலட்டினை நொதி தின்று தீர்த்திருக்கும். தின்ற இடத்தில் சாயம் ஒட்டாது.

இரண்டே வரிசை.

முதல் வரிசையில், மூளைக் கட்டியின் செல்கள் வளர்ந்த திரவம். இரண்டாவதில், அதே செல்கள் அவளுடைய மருந்தோடு வளர்ந்த திரவம்.

அந்தச் செல்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். பொல்லாதவை. நொதியைக் கக்கிச் சுற்றியிருப்பதைக் கரைத்து, கரைந்த சந்து வழியாக நழுவிப் போய்விடும். கட்டியை வெட்டி எடுத்தாயிற்று என்று டாக்டர் கை கழுவும்போது, இவற்றில் சில மூளையின் இன்னொரு மூலையில் குடியேறியிருக்கும். கொஞ்ச நாளில் கட்டி திரும்ப வரும்.

அந்த நொதியைச் சுரக்கவே விடாமல் செய்தால்?

அவளுடைய ஆராய்ச்சி மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

போன மாதம் பதில் கிடைத்துவிட்டது என்று குதித்தாள். முதல் வரிசையில் வெள்ளை, இரண்டாவதில் சுத்த நீலம். அவளுடைய கைடு முத்துவீரப்பன் சார் துறை முழுக்கச் சொல்லிவிட்டார். அல்வா வாங்கிவரச் சொன்னதும் அவர்தான். வாங்கினாள். எல்லோரும் நெய் வடியத் தின்றார்கள்.

பக்கத்து மேஜை பெனாசிர்தான் கை துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டி, மருந்து போட்ட குழாயை மட்டும் கொதிக்க வச்சியா?”

வைத்திருந்தாள்.

மற்ற ஜெல்களுக்கெல்லாம் சாம்பிளைக் கொதிக்க வைத்துத்தான் ஏற்றுவார்கள். இதற்கு மட்டும் கூடாது. கொதித்தால் நொதி செத்துவிடும். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கொதிக்க வைத்துப் பழகிய கையும் அப்படித்தான்.

நொதியை அடக்கியது மருந்து இல்லை, வெந்நீர்.

துறைக்கே அல்வா கொடுத்தவள் என்று பெயர் வந்தது. கேண்டீனில்கூடச் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ பாப்போம்மா. வரலைன்னா இந்த நொதிய விட்டுரு,” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

இன்று அந்த இன்னொரு தடவை.

அவள் சாயநீரை வடித்துவிட்டுப் புதுநீர் ஊற்றினாள்.

முதலில் முதல் வரிசை வெளுக்க வேண்டும். அது வெளுக்காவிட்டால் சோதனையே பாழ். நொதியே, நல்லபடியாக இரு, வயிறார ஜெலட்டினைத் தின்றிரு என்று வேண்டிக்கொண்டாள். கட்டிக்காக வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

வெளுத்தது.

முதலில் ஒரு மங்கல். பிறகு பட்டையாக, பளிச்சென்று.

இனி இரண்டாவது வரிசை.

பார்க்கத் துணிச்சல் இல்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மறுபடி நீரை மாற்றினாள். மறுபடி ஆட்டினாள். ஜெல்லில் ஒட்டாத மிச்சச் சாயமெல்லாம் நீரோடு போனது. முதல் வரிசை இன்னும் வெளுத்தது.

இரண்டாவது வரிசை நீலமாகவே இருந்தது.

குழாய்கள் கொதிக்கவில்லை. பெனாசிரைப் பக்கத்திலேயே நிற்க வைத்து ஏற்றியவை. அத்தனையும் சரியாக இருந்தது. அதோ, நீலம்.

அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாள். பெனாசிர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து தட்டைப் பார்த்தாள். பிறகு அவளும் கத்தினாள்.

சத்தம் கேட்டு சார் வந்தார்.

ஜெல்லை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“செல்லு செத்துப்போச்சாம்மா?”

செத்த செல் எதையும் சுரக்காது. கேட்க வேண்டிய கேள்விதான். போன மாதம் யாருமே அதைக் கேட்கவில்லை.

அவள் மருந்தோடு வளர்ந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து, முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார். செல்கள் இருந்தன. நன்றாகக் கொழுத்து, போட்ட இடத்தில் போட்டபடி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அந்த இடத்தின் எல்லையைத் தாண்டி நகரவில்லை.

“உசுரோடதான் சார் இருக்கு. வெளிய போகத்தான் வழி தெரியல.”

அவர் உடனே நிமிரவில்லை. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினார்.

வாழ்த்துச் சொல்வார் என்று பெனாசிர் காத்திருந்தாள். அவரோ எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினார். அது அவருடைய கோட்டு என்பதே லேபில் பாதிப் பேருக்குத் தெரியாது. சோப்பு போட்டுக் கை கழுவினார்.

“திரும்பப் போடுவோம்மா. இந்தத் தடவ நான் ஏத்துறேன், நீ நின்னு பாத்துக்க. என் கையிலயும் வந்துருச்சுன்னா அப்புறம் ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்.”

அவள் கையுறைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் கைக்குத் தக்க அளவு அதில் இல்லை. இருந்ததையே இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டார்.