ஆமையின் புகார்

"இன்னைக்கும் வந்துட்டான்!" கத்தினார் புரோகிராமர்.

"யாரு?" மனைவி அடுத்த அறையில் அச்சகத்துக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"ஆமை. அப்படித்தான் பேர் வச்சிருக்கான். 'மெனு திறக்க மூணு செகண்ட் ஆகுது. எழுதினவர் தூங்கிட்டாரா?'ங்கறான். என்ன கொழுப்பு!"

"மூணு செகண்ட் ஜாஸ்திதானே?"

"நீ யார் பக்கம்?"

கீபோர்டு சத்தம்தான் வந்தது.

கம்பெனி ஆளைக் குறைத்ததில் வேலை போய் எட்டு மாதம். அன்றிலிருந்து வீட்டில்தான். யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்கிற லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்று. அதை வேகப்படுத்துகிறார். சம்பளம் கிடையாது. அதன் இணையப் பக்கத்தில் ஆமையின் புகார் மட்டும் வாரம் தவறாது.

படங்கள் இருக்கிற ஃபோல்டர் திணறுகிறது என்றான். சரிசெய்தார். திரையில் ஜன்னலை நகர்த்தினால் இழுக்கிறது என்றான். மூன்று நாள் மல்லுக்கட்டி அதையும் முடித்தார். டெஸ்க்டாப் வர இருபது செகண்ட் ஆனது, ஆறாகக் குறைந்தது.

'ஆறா? அதுவரைக்கும் விரல் சூப்பவா?' என்று எழுதினான்.

இன்று பொறுமை போய்விட்டது.

"விலகப் போறேன். கடிதம் எழுதியாச்சு. அனுப்ப வேண்டியதுதான்."

கீபோர்டு நின்றது.

"அவசரப்படாதீங்க. மூணு செகண்டுக்கு ஆதாரம் இருக்கான்னு கேளுங்களேன்."

கேட்டார். 'அளக்கும் கட்டளை இதோ. ஓட்டி, வருகிற பதிவை அனுப்பு. இல்லையேல் வாயை மூடு.'

பத்தே நிமிடத்தில் பதிவு வந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று வரிவரியாக. மெனு, மூன்று செகண்ட். பயல் பொய் சொல்லவில்லை.

அந்தப் பதிவில் கணினியின் பெயரும் தானாக விழுந்துவிடும். அனுப்புகிறவர்கள் பலருக்கு அது தெரியாது.

பெயர்: தங்கம்.

அவரே வைத்த பெயர். போன வருடம் மனைவிக்குக் கணினி அமைத்துக் கொடுத்தபோது.

எழுந்து போய்க் கதவருகே நின்றார்.

"அறிவிருக்கா உனக்கு? இத்தனை மாசமா கட்டின புருஷனைத் திட்டியிருக்கே!"

அவள் திரும்பவில்லை.

"முதல்ல வேற பேர்ல பாராட்டித்தான் எழுதினேன். படிச்சீங்க, போய்ப் படுத்துட்டீங்க. திட்டின அன்னைக்குத்தாங்க எழுந்து ஷேவ் பண்ணீங்க."