பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரச் சொல்லி சந்தியாகுவுக்குப் போன் வந்தது. போனை வைத்ததுமே மனிதர் எரிந்து விழுந்தார்.

“வேற ஆளா கிடைக்கல? சாமி ஏன் என்னைய இப்படிப் பண்ணாருன்னு முதல்ல சொல்லட்டும், அப்புறம் வர்றேன்.”

“அதை அங்கேயே வந்து கேளுங்க லா,” என்று மனைவி ஞானம் அவரைக் காரில் ஏற்றினாள்.

கோயிலில் கடைசி நாற்காலிதான் மிச்சம். சப்பாத்தோடு உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். ஃபாதர் வழக்கப்படி ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவித் துடைத்து, முத்தமிட்டுக்கொண்டே வந்தார். சந்தியாகு அவசரமாக இடது சப்பாத்தை மட்டும் கழற்றிக் காலை நீட்டினார்.

“வலது கால், அண்ணே.”

“அது பொய்க்கால்னு தெரியும்தானே ஃபாதர்? இனிப்பு நீர் வியாதியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.”

“தெரியும்.”

ஃபாதர் கால்சட்டையைச் சுருட்டி, பொய்க்காலைக் கழற்றி வைத்தார். மீந்திருந்த காலின்மேல் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார். கோயிலே பார்த்தது. சந்தியாகுவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

பூசை முடிந்ததும், காலில் கட்டுப் போட்ட பெண்ணொருத்தி நொண்டிக்கொண்டே அவரிடம் வந்தாள்.

“அண்ணே, ஃபாதர்தான் என்னை முன் பெஞ்சில உட்காரச் சொன்னாரு. திங்கக்கிழமை எனக்கும் காலை எடுக்கறாங்க. செத்துடலாம்னு இருந்தேன். நீங்க நடந்துதானே அந்த நாற்காலிக்கு வந்தீங்க?”

சந்தியாகு தானே கால்சட்டையை மடித்து, பொய்க்காலின் வார்களைக் காட்டினார்.

“முதல்ல கடிக்கும். அப்புறம் பழகிடும் தங்கச்சி.”

காரில் ஞானம் கேட்டாள்: “சாமிகிட்ட ஏன்னு கேட்டீங்களா?”

“அதுக்கெல்லாம் எங்க நேரம்? திங்கக்கிழமை அந்தத் தங்கச்சிகூட ஆஸ்பத்திரிக்குப் போகணும் லா.”