அணையாத சூடம்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு சூடத்தின் கதை சொல்கிறேன்.

கோயில் வாசலில் வண்டிப் பூசைக்கு எலுமிச்சம்பழம் விற்பவள் பொன்னுக்கிளி. அவள் புருசனை ஒரு கார் அடித்துப்போட்டு நிற்காமல் போய்விட்டது. ரோட்டில் கிடந்த அந்தக் காரின் உடைந்த விளக்குச் சில்லைப் பழக்கூடைக்குள்ளேயே வைத்திருந்தாள். அதில் மயில் ஒட்டுப்படத்தின் தலை மட்டும் இருந்தது.

ஒரு காலையில் ரத்தினவேல் திருஷ்டி கழிக்கக் காரோடு வந்தான். குடித்து ஓட்டி ஏற்கெனவே ஊரறிய லைசென்சைப் பறிகொடுத்தவன். அன்றைக்கும் வாயில் வாடை. ஒரு பக்க விளக்கு புத்தம் புதுசு. பக்கத்திலே பானெட்டில் தலையில்லாத மயில்.

அதைக் கண்ட பொன்னுக்கிளி பக்கத்துக் கடைப் பூக்காரியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள்.

"அணையுறதுக்கு முன்னால வண்டிய நகத்தாதீங்க சாமி, குலத்துக்கே ஆகாது."

அவன் பயந்து நின்றான். அணையப்போகும் நேரமெல்லாம் இன்னொரு கட்டியைப் போட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"அன்னைக்குத்தான் நிக்கல. இன்னைக்காவது நில்லுங்க."

சில்லை எடுத்து மயிலோடு பொருத்திக் காட்டினாள். "போன தடவை லைசென்சோட போச்சு. இந்தத் தடவை கம்பி எண்ணணும் சாமி."

அவன் கையில் சாவி. காலடியில் நெருப்பு. தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது. அவள் இன்னொரு கட்டி போட்டாள்.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பினவர்கள் எல்லாரும் பொழுதோடு வீடு வந்து சேரட்டும், தங்கங்களா.