சிங்கமும் கரடியும்

“இன்னைக்கு அவனைக் கொல்லாம விடமாட்டேன்!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். அந்தக் கூடத்தில் கேட்ட கடைசிச் சவால் அதுதான். மறுநாளிலிருந்து அந்த டிவியை யாரும் போடவில்லை.

“கொல்றதுக்கு முன்னாடி டீப்பாயை ஓரமா தள்ளுங்க. நேத்து நீங்க கொன்னதுல என் பூச்சாடிதான் செத்துச்சு” என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடியே.

டிவியில் மணி அடித்தது. இரண்டு கைகளிலும் பட்டை கட்டிக்கொண்டு அவர் காற்றைக் குத்த, திரையில் ஒரு சிங்கம் குத்தியது. வேறு ஏதோ ஒரு வீட்டில் யாரோ குத்த, எதிரே நின்ற கரடி திருப்பிக் குத்தியது. ‘வீட்டிலேயே உடற்பயிற்சி, விளையாட்டாக’ என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ‘விளையாட்டாக’ என்பதை மட்டும் அவர் படிக்கவில்லை போலிருக்கிறது.

கடையில் நாள் முழுக்க மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர்கள் அவருடைய மேல் பாதியை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். கொடுத்து வைத்தவர்கள்.

முழுதாகப் பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவன் அவர் தம்பி. அண்ணன் மகளின் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, அத்தனை பேர் நடுவில், “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க தொப்பை பொண்ணு மாப்பிள்ளையை மறைக்குது” என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். படம் பிரமாதமாக வந்தது. இன்றைக்கும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பெண்ணைப் பெற்றவர் மட்டும் அதில் இல்லை.

அன்றோடு பேச்சு நின்றது. அச்சகத்தில் வேலை பார்த்த தம்பி, அண்ணன் வாயில் ‘அந்த அச்சாபீஸ்காரன்’ ஆனான். ‘தம்பி’ என்ற சொல் தவறிக்கூட வரவில்லை. இரண்டு தலையும் நரைத்திருந்தன. மேலே நரைத்திருந்தன, அவ்வளவுதான்.

“பேசத்தான் மாட்டாங்க, அடிச்சுக்கவாவது செய்யட்டும்மா” என்று யோசனை சொன்னவள் மகள். ஒரே மாதிரி விளையாட்டுப் பெட்டியை இரண்டு வீட்டுக்கும் அனுப்பினாள். “எதிராளியை மெஷினே தேடித் தரும்ப்பா” என்று அப்பாவிடம் ஒரு பொய். சித்தப்பாவிடமும் அதே பொய். பெரியவர்கள் நம்பிவிட்டார்கள்.

அப்புறம் சாயங்காலமானால் மனைவியின் போனுக்கும் அவள் ஓரகத்தியின் போனுக்கும் ஓய்வே கிடையாது. ‘என் சிங்கம் ரெடி.’ ‘என் கரடி பனியன் தேடுது, இருங்கக்கா.’ உலகத்தில் மூளை என்ற ஒன்று தங்கள் இரண்டு பேருக்குத்தான் உண்டு என்ற பெருமிதத்தில் இரண்டு பெண்களும் பூரித்துப் போனார்கள்.

அன்று ஓரகத்தி கேட்டிருந்தாள்: ‘அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் ஒரே வீட்ல உக்கார வெச்சு ரகசியத்தை உடைச்சிடலாமா? இதுக்கு மேல என்னால சிரிப்பை அடக்க முடியாது.’

‘உடைச்சிடலாம். சாப்பாடு என் வீட்ல’ என்று பதில் போட்டிருந்தாள் மனைவி. அதற்குத்தான் இப்போதே யோசனை, என்ன சமைப்பது என்று.

“வாடா! எங்கடா பின்னாலயே போற? குத்துறியா, தடவிக் குடுக்குறியா?” கூடத்தில் சிங்கம் கர்ஜித்தது.

கரடியின் குத்துகள் தளர்ந்தன. இன்னும் நாலு குத்து விட்டால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். கடைக்காரர் சட்டென்று குத்துவதை நிறுத்திவிட்டு சோபாவில் சாய்ந்தார். “இரு, எனக்கு மூச்சு வாங்குது.”

“உங்களுக்கா? தெருக்கோடி வரைக்கும் கேக்குற மாதிரி இப்பதானே கத்துனீங்க?”

“அது தொண்டை. இது மூச்சு. உனக்கென்ன தெரியும்?”

“ஜெயிக்கப் போற நேரம் பாத்துத் தெனமும் வாங்குதே, அது என்ன மூச்சோ!”

அவர் வியர்வையைக்கூடத் துடைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரடி மறுபடி கைகளை உயர்த்திய பிறகுதான் எழுந்தார்.

கரடி ஒரு குத்து விட்டது. இன்னொரு குத்து பாதியில் நின்றது. பிறகு அதன் இரண்டு கைகளும் தொங்கிவிட்டன.

“அடிங்க! சும்மாதானே நிக்குது. இதை விட்டா வேற சந்தர்ப்பமே கிடைக்காது!” மனைவி வெங்காயத்தை விட்டுவிட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

சிங்கம் அடிக்கவில்லை. ‘அடி! அடி!’ என்று திரை சிவப்பாக மின்னியது.

“டேய், கையைத் தூக்கு” என்றார் அவர், டிவியைப் பார்த்து. கர்ஜனை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “தூக்குடா. விளையாடாத.”

கரடி நின்றது நின்றபடியே இருந்தது.

கைப்பட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சட்டையும் இல்லாமல் செருப்பும் இல்லாமல் அவர் வாசலுக்கு ஓடினார்.

“அய்யோ, எங்க ஓடுறீங்க? தோத்துருவீங்க!”

“உன் ஓரகத்திக்குப் போன் போடு! தம்பி விழுந்துட்டான்!”