மச்சாதுவின் ரீல்

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன தூண்டில் ரீல் அது. துறைமுகக் குமாஸ்தா பஸ்கால் மச்சாது ஞாயிறுதோறும் கடற்கரையிலிருந்து வந்ததும் அதைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் விடுவார்.

"குடிக்கவே தண்ணி இல்ல. இதுக்கு ஒரு குடமா?" என்று மனைவி இன்னாசியம்மாள் சத்தம் போடுவாள்.

"உள்ள உப்பு தங்குனா பல்சக்கரமெல்லாம் துருப்பிடிச்சிரும்ளா!"

அவர் கொண்டுவந்த சீலா மீனைப் பார்த்ததும் அவள் கோபம் அடங்கிவிடும்.

அந்த ஞாயிறு, மணப்பாட்டிலிருந்து வந்திருந்த அவள் தம்பி சில்வேஸ்தர், "நானும் வாரேன் அத்தான்" என்று கூடவே கிளம்பிவிட்டான். மச்சாதுவின் முகம் வெளுத்தது.

கடற்கரையில் அவர் ரீலை மடியில் வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

"தூண்டில் போடலியா அத்தான்?"

"கடல்தண்ணி பட்டா துருப்பிடிக்காதா மாப்ள? ஒரு நாளும் போட்டதில்ல."

"பொறவு எதுக்குக் கழுவுதீங்க?"

"உப்புக்காத்து படுதுல்லா!"

"அப்போ மீனு?"

"வள்ளம் கரைக்கு வரட்டும், வாங்கிக்கிடலாம். அக்காகிட்ட மட்டும் சொல்லிராத."

வீட்டில் இன்னாசியம்மாள் இரண்டு சீலாவையும் தூக்கிப் பார்த்து வாயைப் பிளந்தாள். மச்சாது மச்சினனைக் கலக்கத்தோடு பார்த்தார்.

"அதுல பெருசு நான் புடிச்சது, அக்கா" என்றான் சில்வேஸ்தர்.