வெளிச்சம் தின்ற அணில்

தூங்கிவழியும் ஒரு மதியத்தில், வீட்டுச் சுவரோரம் இரண்டு இன்டர்நெட் கம்பிகள் பேசிக்கொண்டிருந்தன.

"எனக்குள்ள கரன்ட் ஓடுது. தூரம் கூடினா மூச்சு வாங்குது" என்றது செம்புக் கம்பி.

"எனக்குள்ள வெறும் வெளிச்சம்தான். எவ்வளவு தூரம் போனாலும் களைப்பே தெரியாது" என்றது ஃபைபர் கம்பி.

கேட்டுக்கொண்டிருந்த அணிலுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"வெளிச்சம் இனிக்குமா?"

"வேண்டாம்! என்னைக் கடிச்சா சுருக்குன்னு குத்துவேன், நீ விட்டுடுவே. இவனுக்குக் குத்தவும் தெரியாது" என்றது செம்பு.

அணில் ஃபைபரைக் கடித்தது. ஒரு ருசியும் இல்லை.

வீட்டுக்குள், கடல் கடந்த ஊரிலிருந்து வீடியோ காலில் "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்ற யாழினி, திரையில் வாய் திறந்தபடியே உறைந்துபோனாள்.

"சொல்லும்மா, கேக்குது" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலில் அணில், தன் வாய்க்குள் நாக்கால் துழாவிப் பார்த்தது.