விமானிக்கு ஒரு கணவன்

“இவளைக் கப்பல் கதவைத் திறந்து வெளியில தள்ளணும்” என்றாள் மாமியார், டீவியைப் பார்த்து. “காத்தே இல்லாத இடத்துல கிடந்து துடிக்கட்டும்.”

திரையில் விண்கப்பலின் பெண் விமானி எதையோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த மொழி இருவருக்கும் தெரியாது. கீழே தமிழில் எழுத்து ஓடும்.

கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகும் படம்தான் தெரிகிறது, எழுத்தெல்லாம் புகை மாதிரி இருக்கிறது என்று மாமியார் சொல்லிவிட்டதால், தினமும் சாயங்காலம் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

ஒரு வாரம் ஒழுங்காகத்தான் வாசித்தாள்.

பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த விமானிக்குத் தொடரில் கணவனே கிடையாது. மருமகள்தான் ஒருவனைக் கட்டிவைத்து, விண்கல் மோதிச் சாகவும் வைத்தாள். இன்னொரு கப்பலின் இன்ஜினியரை அவளுக்குப் பிடித்துப்போகவும் செய்தாள்.

மருமகளின் கணவன் இறந்து நான்கு வருடம். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவர், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். மாமியாரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. முதலில் விமானியை விட்டு நாடி பார்ப்போம் என்று நினைத்தாள்.

நாடி எகிறியது. மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடமும் போய் விமானியைக் கிழித்துத் தொங்கவிட்டு வந்தாள்.

இன்றும் அதே கூத்து.

“புருஷன் செத்த ஈரம் காயலை, அதுக்குள்ள இவளுக்கு இன்னொரு கப்பல் கேக்குதா?”

“உயிரோட இருக்கிறவ வாழ வேண்டாமா அத்தை?”

“வாழட்டுமே, யாரு வேண்டாம்னா? சோறு இல்லையா, துணி இல்லையா? ஊர் உலகம் கெட்டுப்போறதே இந்த மாதிரி சிறுக்கிங்களாலதான்.”

“விண்வெளியில ஏது அத்தை ஊரும் உலகமும்?”

மாமியார் டீவி சத்தத்தைக் கூட்டினாள்.

விமானி மறுபடி வாயைத் திறந்தாள். ‘இடது எஞ்சினில் கோளாறு’ என்று கீழே ஓடியது.

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள். “‘நான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் கிளம்புறேன். என் பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன்.’”

சொன்ன பிறகுதான் உறைத்தது. விமானிக்குக் கணவனைக் கொடுத்தாளே தவிர, மகளை இதுவரை கொடுத்திருக்கவில்லை.

உள்ளறையில் அவளுடைய மகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் கேப்டன் வந்தார். மருமகள் வாயெடுப்பதற்குள் மாமியார் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“இரு. இவன் சொல்றதை நான் படிக்கிறேன்.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவசரமே இல்லாமல் படித்தாள். “‘நீ எங்க வேணா போய்த் தொலை. என் பேத்தி இந்தக் கப்பலை விட்டு இறங்க மாட்டா.’”

மருமகள் திரையைப் பார்த்தாள். ‘எரிபொருள் ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும்’ என்று இருந்தது.

மாமியார் பிடியைத் தளர்த்தவில்லை.

“எரிபொருள் வேற தீரப்போகுதாம்” என்றாள். “ம், மேல படி.”